படங்களைச் சுருக்கக் கட்டளை வரியே போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கணினியில் இடமில்லை என்று பழைய புகைப்படங்களை அழிப்பவர்களும், முன்பின் அறியாத இணையதளங்களில் குடும்பப் படங்களை ஏற்றிச் சுருக்கிக்கொள்பவர்களும், சொந்தக் கணினியிலேயே இயங்கும் இலவசக் கட்டளை வரிக் கருவிகளை (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் மென்பொருள்களை) அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ஜேபெக் (JPEG) வகைப் படங்களைச் சுருக்கும் 'ஜேபெக்ஆப்டிம்' (jpegoptim) கருவியைத் தர வரம்பு எதுவும் கொடுக்காமல் இயக்கினால், அது படத்தின் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல், கோப்பில் தகவலைப் பதியும் குறியாக்க அட்டவணைகளை மட்டும் சீரமைத்து அளவைக் குறைக்கிறது. உச்சத் தரம் நூற்றுக்கு 85 என்று வரையறுத்தால் கேமராப் படங்கள் பெரும்பாலும் கணிசமாகச் சிறுத்துவிடும். கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரிவதில்லை. பிஎன்ஜி (PNG) என்ற மற்றொரு வகைப் படக் கோப்புகளுக்கு, தரம் இழக்காமல் சுருக்கும் 'ஆப்டிபிஎன்ஜி' (optipng) உண்டு. நிறங்களை 256-க்குள் அடக்கும் 'பிஎன்ஜிகுவான்ட்' (pngquant) திரைப்பிடிப்புகளுக்கு மிகப் பொருத்தம், புகைப்படங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஜேபெக்ஆப்டிமும், ஒரு கோப்புறையையே ஒரு வரியில் சுருக்கித் தரும் இமேஜ்மேஜிக் (ImageMagick) என்ற படத் திருத்தக் கருவித் தொகுப்பின் 'மோக்ரிஃபை' (mogrify) கட்டளையும் வழக்கமாக மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடுவதால், நகலெடுத்து வைக்காமல் அவற்றை இயக்கவே கூடாது. படக் கோப்பினுள் பதிவாகியிருக்கும் துணைத் தகவல்களை நீக்கும் 'ஸ்ட்ரிப்' (strip) தெரிவு, படம் எடுத்த இடத்தின் குறிப்பை அகற்றுவது நன்மைதான். ஆனால் எடுத்த தேதியும் திசைக் குறிப்பும் உடன் போய்விடுவதால், நேராகத் தெரிந்த படம் பக்கவாட்டில் சாய்ந்து தோன்றக்கூடும். இமேஜ்மேஜிக்கில் 'ஸ்ட்ரிப்' தெரிவுக்கு முன்பாக, படத்தை நேராகத் திருப்பிவிடும் 'ஆட்டோ ஓரியன்ட்' (auto-orient) தெரிவைச் சேர்த்தால் இச்சிக்கல் எழாது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்