மார்லோ லாக்ல கயிறு பிடிக்க சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு நன்றி

போன சனிக்கிழமை தேம்ஸ் ஆத்துல மார்லோ லாக்ல (கதவ மூடி தண்ணிய ஏத்தி இறக்கி போட்ட அடுத்த மட்டத்துக்கு கொண்டுபோற தொட்டி) எங்க வாடகை போட்டுக்கு பக்கத்துல நின்ன அக்கா, பதட்டத்துல உங்க பேர் கூட கேக்கல, மன்னிச்சுக்கோங்க. ஹென்லில இருந்து கீழ வர்றோம், தண்ணி இறங்கப்போற நேரத்துல நான் கயித்த தூண்ல இறுக்கி முடிச்சு போட்டுட்டேன். நீங்க பாத்துட்டு தமிழ்லயே "கட்டாதம்மா, தண்ணி இறங்க இறங்க போட் கயித்துல தொங்கி சாஞ்சிரும், ஒரு சுத்து சுத்தி கைல வச்சு மெதுவா விடு"ன்னு சொல்லி முடிச்ச அவுத்து விட்டீங்க, போட்டோட பின்பக்கம் மேல் கதவுக்கு கீழ நீட்டிக்கிட்டு இருக்குற படிக்கல்லுல மாட்டாம, அத காட்ட செவுத்துல போட்டிருக்குற கோட்டுக்கு முன்னாடி நிக்கணும்னும் காட்டுனீங்க. பிள்ளைங்க உள்ள இருந்தாங்கக்கா, நினைச்சாலே நடுங்குது. அப்புறம் குக்கம், போல்டர்ஸ் ரெண்டு லாக்லயும் நானே கயிறு பிடிச்சேன். ரொம்ப ரொம்ப நன்றிக்கா.