தரங்கம்பாடி, பூம்புகார் பயணம்: எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்ததும், அடுத்த சனிக்கிழமை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் அழைத்துப் போகிறோம். விஷயம் தெரிந்ததுமே சிலர் கேட்டது, "எப்படியும் பஸ் எடுக்கிறீர்கள், அப்படியே நாகூர், வேளாங்கண்ணி, திருக்கடையூர் எல்லாம் பார்த்துவிட்டு வரலாமே சார்" என்றுதான். ஆசை நியாயம்தான், ஆனால் வேண்டாம். ஒரே நாளில் ஐந்து ஊர் போனால் பிள்ளைகள் பார்ப்பது பஸ் ஜன்னலையும் புளிச்சோற்றுப் பொட்டலத்தையும் மட்டும்தான். இரண்டு ஊர், அதுவும் நின்று நிதானமாக. அவ்வளவுதான் திட்டம்.

காலையில் முதலில் தரங்கம்பாடி. கோட்டைக்கு முன்னால் வெட்டவெளி, வெயில் ஏறிவிட்டால் நிற்க முடியாது. இந்த வருடச் சமூக அறிவியலில் வரலாற்றின் முதல் பாடமே ஐரோப்பியர்களின் வருகை, அதில் டென்மார்க் நாட்டிலிருந்து வந்த டேனியர்கள் சில வரிகளில் வந்து போய்விடுவார்கள். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620ல் அவர்கள் கட்டிய கோட்டையின் உள்ளே நின்று, அப்பாடத்தை அங்கேயே ஒருமுறை வாசிக்கச் சொல்லப் போகிறோம். டேனியர்கள் 1845ல் ஊரையே ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள் என்றால் பிள்ளைகள் நிச்சயம் "ஊரை எப்படி சார் விற்க முடியும்?" என்று கேட்பார்கள், கேட்கட்டும், அதற்குத்தான் போகிறோம். கோட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் 1718ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், 1706ல் இங்கே வந்து இறங்கித் தமிழ் கற்று, அச்சகம் வைத்துத் தமிழில் புத்தகம் அச்சிட்ட பாதிரியார் சீகன்பால்கு அடக்கமாகியிருப்பது அங்கேதான். அப்புறம் கரையோரம் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களைப் பார்த்தாலே கடல் அரிப்பு என்றால் என்னவென்று புரிந்துவிடும், தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பூம்புகார். சிலப்பதிகாரக் கலைக்கூடம் திறந்திருந்தால் உள்ளே போவோம், ஆனால் எனக்கு அதைவிட முக்கியம் காவிரி கடலில் சேரும் இடம். நம் பிள்ளைகள் தினமும் பாலத்தில் தாண்டிவருகிற அதே ஆறு, வழியெல்லாம் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கொடுத்துவிட்டு, கடைசியில் இவ்வளவு ஒடுங்கிப்போய்க் கடலுக்குள் நுழைகிறதே என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். மேட்டூர் அணையை ஜனவரி 28ல் மூடுவது வழக்கம், அப்புறம் ஆற்றில் தண்ணீர் குறைந்துவிடும் என்பதால்தான் அதற்கு முன்பாகத் தேதி வைத்தோம். பழைய துறைமுகம் எங்கே என்று கேட்பார்கள். பக்கத்துக் கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் படகு கட்டுகிற மரக்கம்பங்களும் கிடைத்த கதையை வரலாற்று ஆசிரியர் மணலில் படம் போட்டே சொல்லிவிடுவார்.

இனி ஒரு கண்டிப்பான விஷயம். கடலில் இறங்க அனுமதி கிடையாது. "கால் மட்டும் நனைக்கிறோம் சார்" என்பதும் கிடையாது. அந்தக் கரையில் சட்டென்று ஆழமாகிவிடும், இழுப்பும் உண்டு. வீட்டிலேயே நீங்கள் இதைச் சொல்லி அனுப்பினால் எங்களுக்குப் பாதி வேலை குறையும். மாற்று உடை கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் தைரியம் வந்துவிடும்.

காலை 6 மணிக்குப் பள்ளி வாசலில் இருந்து பஸ் கிளம்பும், யாருக்காகவும் நிற்காது. தொப்பி, தண்ணீர் பாட்டில், ஒரு நோட்டு, பேனா போதும். மொபைல் வேண்டாம், ஆசிரியர்கள் எடுக்கும் படங்களை உங்களுக்கு அனுப்பிவிடுகிறோம். பஸ்ஸில் வாந்தி வரும் பிள்ளைகள், தினமும் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் இருந்தால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. பணம் கட்டச் சிரமமாக இருந்தால் நேராக என்னிடம் வாருங்கள், அதற்காக எந்தப் பிள்ளையும் வீட்டில் நிற்கக் கூடாது. கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் புதன்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்