அந்தப் படத்தைப் போடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ‘நலத்திட்ட உதவி வழங்கும் விழா’ படம் வாரத்துக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. கோயில் சார்பில், சபை சார்பில் நாங்கள் அனுப்புகிறவையும் அதில் உண்டு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறை எங்கள் மேல்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோயில் பங்கில் 18 வருஷமாக உதவிக் குழுவில் இருக்கிறேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் 40 பேருக்குப் பத்துப் பத்துக் கிலோ அரிசி கொடுத்தோம். வயசான அம்மா ஒருவர் பையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கிவிட்டார். போட்டோ எடுக்கிற பையன் சரியாக விழவில்லை என்றான். “ஆத்தா, இன்னொரு தடவை வாங்குங்க” என்று கூப்பிட்டது நான்தான். மூச்சு வாங்க ஏறி வந்து பையைத் திருப்பிக் கொடுத்தார், நாங்கள் நாலு பேர் அதில் கை வைத்துக்கொண்டு மறுபடியும் கொடுத்தோம். “இது பேப்பர்ல வருமாய்யா? எம் பேரன் பள்ளிக்கூடத்துல பேப்பர் போடுறாங்க” என்றார். வரும் ஆத்தா என்றேன், சந்தோஷத்தில் கேட்கிறார் என்று நினைத்து. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவர் என்ன கேட்டார் என்பது உறைத்தது. அதற்குள் படம் போய்விட்டது.

அப்போதும் நான் என்னைத் தப்பாக நினைக்கவில்லை. படம் வந்தால் இன்னும் நாலு பேர் கொடுக்க முன்வருவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை, சிக்கலே அதில்தான். நல்ல காரணம் ஒன்று முன்னால் நிற்கும், என் ஆசை அதன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்.

எனக்கு அது பிடிபட்டது அடுத்து வந்த ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று. பாதம் கழுவும் சடங்குக்கு எங்கள் பங்கில் 12 பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2016இல் போப் பிரான்சிஸ் பெண்களையும் சேர்க்கலாம் என்று விதியை மாற்றிய பிறகு இங்கேயும் மெல்ல மெல்லப் பெண்களை உட்கார வைத்தார்கள். அந்த வருஷம் என் பெயர் இல்லை, கோயில் பெருக்கும் அம்மா உட்கார்ந்திருந்தார். பூசை முழுக்க எனக்கு மனசு எரிந்தது. ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதை அங்கே வாசிக்கிறார்கள், நான் என்னை எப்படி விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் பைபிளில் யோவான் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். மரியா இயேசுவின் காலில் விலை உயர்ந்த தைலத்தை ஊற்றியபோது, இதை 300 தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறான் யூதாஸ். ஒரு தெனாரியம் அன்றைக்கு ஒரு நாள் கூலி, ஆக கிட்டத்தட்ட ஒரு வருஷ வருமானம். பேசியதில் ஒரு சொல் தப்பில்லை, எங்கள் பங்குக் கூட்டத்தில் யாராவது அப்படிச் சொன்னால் நானே ஆமாம் போடுவேன். பணப்பை அவன் கையில் இருந்தது, அதிலிருந்து எடுத்துக்கொள்வான் என்று யோவான் சொன்ன பிறகுதான் விஷயமே தெரிகிறது. பணத்துக்காவது வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கிறோம், பெயர் ஆசைக்கு யார் பார்க்கிறது?

பெயர் வெளியே தெரிவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியாரை ஊரே அறியும். அதற்காக யாரும் அவர் முன்னால் தலைகுனிந்து போட்டோவுக்கு நிற்கவில்லை.

ஓரியூருக்கு நாங்கள் வருஷா வருஷம் வேன் பிடித்துப் போகிறோம். அங்கே கொல்லப்பட்ட போர்த்துகீசியத் துறவி அருளானந்தர் லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர். நடுவில் ஒரு தடவை போர்த்துகலுக்குத் திரும்பியபோது ராஜா அங்கேயே இருக்கச் சொன்னார், இருந்திருக்கலாம். மறுபடி கப்பலேறி மறவர் சீமைக்கு வந்து 1693 பிப்ரவரி 4 அன்று தலையைக் கொடுத்தார். அவர் ரத்தம் சிந்திய அந்தச் சிவப்பு மண்ணை மடித்து வீட்டுக்குக் கொண்டுவருகிற நாங்கள், திருவிழா அழைப்பிதழில் பெயர் எத்தனையாவது வரியில் வந்திருக்கிறது என்று பார்க்கிறோம். இதைப் பங்கில் பேசினால் கோபம் வருகிறது. வரட்டும், பேசத்தான் வேண்டும்.

இப்போது எங்கள் குழுவில் பேனர் இல்லை, போட்டோ இல்லை. இரண்டு பேராக வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறோம். வின்சென்ட் தே பவுல் சபையார் 1833இல் தொடங்கியதிலிருந்தே இப்படி வீடு தேடிப் போகிறவர்கள்தான், நாங்கள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நன்கொடை குறைந்தது. இரண்டு பேர் விலகினார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசை என்னை விட்டும் முழுசாகப் போய்விடவில்லை. ஒரு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் யாரிடமாவது சொல்லவேண்டும் போல இன்னும் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எந்தக் கோயிலிலிருந்து வந்தாலும், எந்தச் சபையிலிருந்து வந்தாலும், வாங்குகிறவர் முகம் தெரிகிற படத்தைப் போடாதீர்கள். எத்தனை பேருக்கு என்ன கொடுத்தார்கள் என்று செய்தியாகப் போடுங்கள், போதும். அந்த ஆத்தாவின் படம் இரண்டு நாள் கழித்து ஒரு பேப்பரில் வந்தது. அதற்கப்புறம் அவரைப் பலமுறை பார்த்துவிட்டேன். பேரன் பார்த்தானா என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவகோட்டை