பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள், ஐயா

வீடு கட்டும் திட்டங்களின் கோப்புகளைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடலூர்ப் பக்கம் தென்பெண்ணைக் கரையிலிருந்து எழுதுகிறேன். திட்டங்களெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் 1.20 லட்சம், கான்கிரீட் கூரைக்கென்று மாநிலம் சேர்ப்பது இன்னொரு 1.20 லட்சம். கலைஞரின் கனவு இல்லம் என்றால் 360 சதுர அடி, மூன்றரை லட்சம். இந்தப் பணம் போதுமா என்று மல்லுக்கட்ட வரவில்லை. எந்தப் பட்டியலில் யார் பேர் இருக்கிறது, இல்லையென்றால் ஏன் இல்லை, இது தெரிந்தால் போதும்.

என் அத்தை கதையைக் கேளுங்கள். 2010-இல் குடிசைகளைக் கணக்கெடுக்க வந்தபோது அவர் மாமனாரின் ஓட்டு வீட்டில் இருந்தார். குடிசை இல்லை என்று விட்டுவிட்டுப் போனார்கள். நியாயம்தான். அடுத்த வருடம் டிசம்பர் 30 காலையில் தானே புயல் ஓட்டையும் உத்திரத்தையும் சேர்த்துக் கொண்டுபோனது. அன்றிலிருந்து மண்சுவரும் கீற்றும்தான். 2018-இல் வீட்டுத் திட்டத்துக்காக ஆவாஸ் பிளஸ் என்ற கணக்கெடுப்பு வந்த சமயம், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போயிருந்தார். "வீடு பூட்டியிருந்திச்சி" என்றார்களாம். தட்டியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போனதற்கு அப்படி ஒரு பேர்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணைத் தண்ணீரும் வந்தன. மண்சுவர் கரைந்து இடுப்பளவுக்கு நின்றது. அதன் மேல் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அத்தை அலையத் தொடங்கினார். ஊராட்சியில் கேட்டால் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால், "லிஸ்ட் மேல இருந்து வரணும்மா." மேலே இருந்து எங்களுக்கு வந்ததெல்லாம் தண்ணீர்தான்.

இ-சேவை மையத்தில் பதிவு எண் கேட்டார்கள். பட்டியலில் பேர் ஏறியவருக்குத்தானே அந்த எண்? சரி, பேரைப் போட்டுத் தேடலாம் என்று அங்கிருந்த தம்பி ஒரு மணி நேரம் மெனக்கெட்டார். அத்தையின் பேரில் ஒரு ழகரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ஆதாரில் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம், வங்கிப் புத்தகத்தில் வேறொரு விதம். பள்ளிக்கூடம் போகாத ஒரு மனுசி, தன் பேரை எந்த எழுத்தில் தேடுவது என்று தெரியாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

வெள்ள நிவாரணம் 2,000 ரூபாய் கொடுத்தபோது ரேஷன் கடையில் இதே பேரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார்களே! இரண்டாயிரத்துக்கு அகப்படுகிற ஆள் வீடு என்றதும் எப்படிக் காணாமல் போகிறார்?

ஆகவே கேட்பது ஒன்றே. ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பட்டியலை ஒட்டுங்கள். தமிழில் ஒட்டுங்கள். தேர்வானவர், காத்திருப்பவர், நீக்கப்பட்டவர் என மூன்று தரப்பின் பேரும் இருக்கட்டும். நீக்கினால் காரணமும் பக்கத்திலேயே இருக்கட்டும். கிராம சபையில் பட்டியலை வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது உங்கள் விதிதான். போன அக்டோபர் சபையில் எங்கள் ஊரில் எத்தனை வீடு என்ற எண்ணிக்கையை மட்டும் படித்துவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். தேநீர் நன்றாகவே இருந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிளாட் போட்டு விற்கிறவர்கள்கூட எங்கள் சுவரில் சதுர அடி விலையைக் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் போகிறார்கள். கட்சிக்காரர்கள் ஆறு மாதம் முன்னாலேயே இடம் பிடித்து வெள்ளையடித்து வைக்கிறார்கள். அரசாங்கத்துக்கு மட்டும்தான் எங்கள் ஊரில் சுவர் கிடைக்கவில்லை. அத்தை வீட்டுச் சுவரைக் கொடுக்கலாம் என்றால் அதில் பாதிதான் மிச்சம்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டாவில் சிக்கல், கூட்டுப் பட்டா, புறம்போக்கு என்று எந்தக் காரணம் இருந்தாலும் எழுதி ஒட்டுங்கள். தாலுகா அலுவலகத்துக்கு நாங்களே நடக்கிறோம். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் ஒட்டிவிட்டால் நல்லது. தயவுசெய்து செய்யுங்கள். பசை காய்ச்ச ஆள் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள், அத்தை காய்ச்சித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
அவர் மருமகன்