செயலாளர் அறிக்கை 2024: ஊர்த் தேர்தலும் எங்கள் ஒன்றியமும்

தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாக சபையினரே, இந்தக் குளிரிலும் கனடாவின் ஸ்காபரோவிலிருந்தும் சுற்றியுள்ள இடங்களிலிருந்தும் வந்து கூடியிருக்கும் ஊர் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 தை முதல் மார்கழி வரையான காலத்துக்குரிய அறிக்கை இது. பொங்கல் விழா, கோடைகால ஒன்றுகூடல், ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளுக்கான கொப்பி, சப்பாத்து உதவி மூன்றும் வழமைபோல நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். நான் அதிகம் சொல்ல இருப்பது செப்டெம்பர் 21ஆம் திகதி இலங்கையில் நடந்த ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி. ஊர் ஒன்றியத்துக்கு அரசியல் எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். ஆனால் ஆவணி, புரட்டாதி இரண்டு மாதமும் எங்கள் கூட்டங்களில் வேறு கதை நடக்கவில்லை. அதை விட்டு எழுதினால் இந்த ஆண்டின் அறிக்கையாக இது இராது.

ஓகஸ்ட் கூட்டத்தில் வந்த பிரேரணை எல்லோருக்கும் நினைவிருக்கும். தமிழ்ப் பொது வேட்பாளராக முன்னாள் மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர் அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நிற்கிறார், அவருக்கு ஆதரவாக ஒன்றியம் அறிக்கை விட வேண்டும் என்பது பிரேரணை. ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். 1982 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் நின்றபோது யாழ்ப்பாணத்தில் அவருக்கு விழுந்த வாக்குகளை மூத்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். எதிர்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: நாங்கள் வாக்குப் போடப் போவதில்லை, பிறகு எந்த உரிமையில் சொல்கிறோம்? கனடியக் குடியுரிமை எடுத்த அன்றே எங்களில் பெரும்பாலானோரின் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. இலங்கைக் கடவுச்சீட்டு இன்னும் வைத்திருப்பவர்களும் இங்கிருந்தபடி வாக்களிக்க வழியில்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர், வாக்காளர் இடாப்பில் பெயரும் இருந்தால், அங்கே போய்த்தான் போட வேண்டும்.

இரண்டு மணித்தியாலம் வாதாடினோம். குரல்கள் உயர்ந்தன. 2005ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலைத் தமிழர் புறக்கணித்தது பற்றி ஒரு அக்கா பேசத் தொடங்கியதும் மண்டபம் அமைதியாகிவிட்டது. அந்தத் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. நாடு முழுவதும் வெற்றி தோல்விக்கு இடையே இருந்த வித்தியாசம் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு வந்த நாலு வருடப் போர்க் காலத்தை யார் அனுபவித்தார்கள் என்று அவர் கேட்டார். அவருடைய தம்பி வன்னியில் இருந்தவர். கடைசியில் கை உயர்த்திப் பார்த்தபோது பிரேரணை தோற்றது. ஒன்றியத்தின் பெயரில் எந்த அறிக்கையும் போகவில்லை.

எனக்கு அன்று மனவருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. ஒன்றியம் செய்யாததை நான் வீட்டிலிருந்து செய்தேன். இங்கே இரவு பத்து மணி, அங்கே காலை ஏழரை. தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்துச் சங்குக்குப் போடச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணை, நீங்கள் சொல்றது விளங்குது. ஆனா 22ஆம் ஆண்டு மண்ணெண்ணெய்க்கு விடியப்புறம் கானோட வரிசையில நிண்டது நான். ஆருக்குப் போடுறதெண்டு நான் யோசிச்சு வைச்சிருக்கிறன். இப்ப எனக்கு வேலைக்கு நேரமாகுது, வைக்கட்டோ?"

மாதாமாதம் அவளுக்குக் காசு அனுப்புகிறவன் நான். நான் ஒன்று கேட்டால் மறுக்க அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது. இங்கே இருக்கும் பலரும் அந்த வாரங்களில் இப்படித் தொலைபேசி எடுத்திருப்பீர்கள். அடுத்த தேர்தலுக்கு எடுக்கும்போது முதலில் அவர்களிடம் கேளுங்கள் என்று மன்றாட்டமாகச் சொல்கிறேன். அவள் யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

21ஆம் திகதி அங்கே வாக்களிப்பு முடிந்தபோது எங்களுக்குக் காலை ஆறரை. அன்று மத்தியானத்துக்குப் பிறகு மண்டபத்தில் ரோல்ஸும் பால் தேத்தண்ணியுமாகக் கூடியிருந்து பெரிய திரையில் முடிவுகளைப் பார்த்தோம். யாழ். மாவட்டத்தில் சஜித் பிரேமதாச ஒரு லட்சத்து 21 ஆயிரம், அரியநேத்திரன் ஒரு லட்சத்து 16 ஆயிரம், ரணில் விக்கிரமசிங்க 84 ஆயிரம். தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரித்தது, அதே கட்சிக்குள் சிலர் சங்கின் பக்கம் நின்றார்கள். அந்தப் பிளவு எண்ணிக்கையில் அப்படியே தெரிந்தது. நாடு முழுவதும் சங்குக்கு 2 லட்சத்து 26 ஆயிரம்.

அனுர குமார திசாநாயக்க 42.31 வீதத்தோடு முன்னுக்கு நின்றார். ஆனால் பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காததால் வரலாற்றில் முதல் தடவையாக விருப்பு வாக்கு, அதாவது சீட்டில் 2, 3 என்று இட்ட அடுத்த தெரிவுகளை எண்ண வேண்டி வந்தது. அப்போதுதான் மண்டபத்தில் பலர், "இரண்டாவது, மூன்றாவது விருப்பமும் போடலாமோ?" என்று கேட்டார்கள். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. யாருக்குப் போட வேண்டும் என்று ஊருக்குச் சொன்ன எங்களுக்கே வாக்குச் சீட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. முதல் இருவரான அனுர, சஜித் தவிர்ந்த மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த சீட்டுகள் ஏறக்குறைய 33 லட்சம். அவற்றிலிருந்து இந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்த விருப்பு வாக்குகள் மூன்று லட்சத்தை எட்டவில்லை. எங்கள் சனத்துக்குச் சொல்லிக் கொடுக்க ஏதாவது இருந்திருந்தால் இதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை நித்திரை முழித்த கண்ணோடு, அனுர வென்ற செய்தியைக் கைத்தொலைபேசியில் பார்த்தோம். மண்டபத்தில் இருந்த இளம் பிள்ளைகளில் சிலருக்கு அது பெரிய சந்தோசம். எனக்குச் சந்தோசமா பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த இரண்டு மாதத்துக்குள், நவம்பர் 14 பொதுத் தேர்தலில், அனுரவின் தேசிய மக்கள் சக்தி யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்தது. ஊர் எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அன்று போய்விட்டது.

ஓய்வுபெற்றபின் வருடத்தில் பெரும்பகுதியை ஊரில் கழிக்கும் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் அங்கே நின்று வாக்களித்தார். ஐப்பசிக் கூட்டத்துக்கு வந்தபோது இடது கைச் சின்னவிரல் நகத்தடியில் மை கறுப்பாகக் கிடந்தது. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்த அந்தக் கையை எல்லோரும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தோம். முப்பது வருடத்துக்குப் பிறகு வரிசையில் நின்றதாகவும், தன் பெயரை இடாப்பில் கண்டுபிடித்து அலுவலர் உரத்து வாசித்தபோது அழுதுவிட்டதாகவும் சொன்னார்.

நிர்வாக சபை எடுத்த முடிவுகள் இரண்டு. எந்தத் தேர்தலிலும் ஒன்றியம் வேட்பாளரை ஆதரித்து அறிக்கை விடுவதில்லை. அடுத்த தேர்தலுக்கு முன் இடாப்புப் பதிவு, விருப்பு வாக்கு முறை இரண்டையும் விளக்கும் துண்டுப் பிரசுரம் ஒன்றை ஊர் வாசிகசாலைக்கு அச்சடித்து அனுப்புவது. இரண்டாவதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும்.

அப்புறம், இந்த ஆண்டில் எங்களை விட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். மண்டபம் ஒழுங்குசெய்த தம்பிமாருக்கும், சமைத்துத் தந்த சகோதரிகளுக்கும் நன்றி. அறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்