படங்கள் போரை நிறுத்தினவா, சிதம்பரம்?

அன்புள்ள சிதம்பரம்,

உன் ஆவணி மாதக் கடிதத்துக்கு மார்கழியில் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, வீட்டில் எல்லோரும் நலம். வைத்தியர் கொடுத்த தைலத்தை நீ இன்னும் முழங்காலில் தடவாமல் அலமாரியில் அழகு பார்ப்பதாகத் தங்கச்சி தொலைபேசியில் முறையிட்டாள். இந்த வயதிலும் அவளைப் படுத்தாதே.

எழுத வேண்டிய காரணம் வேறு. என் பேத்தி யாழினி, கல்லூரிக் கருத்தரங்கில் வியட்நாம் போரைப் பற்றிப் பேசப் போவதாகச் சொல்லி என்னிடம் வந்தாள். முப்பத்தோரு ஆண்டுகள் வகுப்பறையில் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன்: பத்திரிகைப் படங்களும் தொலைக்காட்சியும் அமெரிக்க மக்களின் மனச்சாட்சியை எழுப்பின, மக்கள் போரை நிறுத்தினர். 1972-இல் நம் விடுதி வாசகசாலைச் சுவரில், நாபாம் எரிகுண்டின் தீயில் வெந்து ஓடிவந்த சிறுமியின் படத்தை ஒட்டிவிட்டு நாம் இருவரும் விடிய விடியப் பேசியதும் இதைத்தானே. யாழினி எதிர்த்துப் பேசவில்லை. "தேதிகளை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுங்கள் தாத்தா" என்றாள். எழுத உட்கார்ந்தேன். மூன்று இரவுகள் தூக்கம் போயிற்று.

அந்தச் சிறுமியின் படம் எடுக்கப்பட்டது 1972 ஜூன் 8. 1969-இல் 5 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டியிருந்த அமெரிக்கப் படை, அதற்குள் 70,000-க்கும் கீழே குறைந்துவிட்டிருந்தது. எஞ்சிய தரைப்படைப் பிரிவுகளும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. முடிந்துகொண்டிருந்த தரைப்போரை அந்தப் படம் எப்படி நிறுத்தியிருக்கும்? சைகோன் தெருவில் காவல்துறைத் தலைவர் ஒரு கைதியின் நெற்றிப்பொட்டில் சுட்ட படமும், தேக்க நிலையில் சிக்கிக்கொண்டோம் என்று செய்தி வாசிப்பாளர் வால்ட்டர் கிராங்கைட் தொலைக்காட்சியில் சொன்னதும் 1968 பிப்ரவரியில். ஆனால் படை அனுப்பியது தவறு என்று காலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில் சொன்னவர்கள் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம். 1967 அக்டோபரிலேயே 47 சதவீதம், தவறில்லை என்றவர்களைவிட அதிகம். அந்தப் படமும் கிராங்கைட்டின் பேச்சும் வருவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே மக்கள் திரும்பத் தொடங்கிவிட்டனர். கொரியப் போரை எடுத்துப் பார். அங்கே போர்முனையிலிருந்து வரவேற்பறைக்கு இரவுதோறும் படம் வந்ததில்லை. ஆனாலும் 1950 ஆகஸ்டில் ஐவரில் ஒருவர் தவறு என்றது, 1951 தொடக்கத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேராகிவிட்டது.

அப்படியானால் மக்களைத் திருப்பியது எது? 1967 முடிவதற்குள் ஏறத்தாழ 20,000 அமெரிக்கர்கள் இறந்துவிட்டார்கள் என்பதுதான் என் கணக்கில் பெரிய காரணம். கட்டாய ஆள்சேர்ப்பின் அழைப்பாணை வந்த வீடுகள், அடுத்தது நம் தெருவா என்று அஞ்சிய வீடுகள், எவ்வளவு காலம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத அரசு. 1969 ஜூனில் லைஃப் இதழ் ஒரு வாரத்தில் இறந்த 242 அமெரிக்க இளைஞர்களின் முகங்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்டது. ரத்தம் இல்லை, குண்டு இல்லை. பள்ளி ஆண்டுமலரில் வரும் படங்களைப் போன்ற சிரித்த முகங்கள். அந்த மக்களின் நெஞ்சுக்கு மிக அருகில் போன படங்கள் அவையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பெற்றவர்களின் அந்தத் துயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் செத்த வியட்நாமியர்களுக்கு அந்த இதழ்களில் முகமும் இல்லை, பெயரும் இல்லை. சைகோனில் ஒவ்வொரு மாலையும் ஐந்து மணிக்கு ராணுவ அதிகாரிகள் நிருபர்களுக்கு வாசித்துக் காட்டிய பிணக்கணக்கில் அவர்கள் வெறும் எண்கள்.

இங்கேதான் நான் உடைந்து போனேன், சிதம்பரம். 1968 மார்ச் 16-இல் மை லாய் என்ற வியட்நாமியச் சிற்றூரில் அமெரிக்கச் சிப்பாய்கள் செய்தது உனக்குத் தெரியும். அன்று ராணுவம் சொன்னது: எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டனர், கைப்பற்றிய துப்பாக்கிகள் மூன்று. 128 எதிரிகளுக்கு மூன்று துப்பாக்கிகள்தானா என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. வெற்றிச் செய்தியாகப் பத்திரிகைகள் அதை வெளியிட்டன. கொல்லப்பட்டவர்கள் கிழவர்களும் பெண்களும் குழந்தைகளும் என்ற உண்மை வெளிவர இருபது மாதங்கள் ஆயின. அதுவும் களத்திலிருந்த நிருபர்களால் அல்ல. நடந்ததைத் தோழர்களிடம் கேட்டறிந்த ரான் ரைடன்அவர் என்ற முன்னாள் சிப்பாய், 1969 மார்ச்சில் அரசியல் தலைவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கடிதங்கள் அனுப்பினார். விசாரணை அதிலிருந்துதான் பிறந்தது. நவம்பரில் சீமோர் ஹெர்ஷ் என்ற பத்திரிகையாளர் ஒரு சிறிய செய்தி நிறுவனத்தின் வழியே எழுதினார். ராணுவத்தின் புகைப்படக்காரராக அன்று உடன் சென்றவர் தம் சொந்தக் கேமராவில் எடுத்து வைத்திருந்த வண்ணப் படங்கள் கிளீவ்லாந்து நாளிதழில் வந்தன. பாதையில் கிடந்த குழந்தைகளை நாடு முழுவதும் பார்த்தது.

பார்த்த பிறகு என்ன செய்தது? 1971 மார்ச்சில் ராணுவ நீதிமன்றம், மை லாயில் ஒரு படைப்பிரிவை நடத்திய லெப்டினன்ட் கேலியை 22 பேரைக் கொன்ற குற்றவாளி என்று தீர்ப்பளித்து, ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை என்று காலப் கணிப்பில் சொன்னவர்கள் 79 சதவீதம். மேலதிகாரிகள் தப்பிக்க இவனைப் பலிகொடுத்தார்கள் என்று பலர் எண்ணினர். அதில் நியாயமும் உண்டு. ஆனால் வெள்ளை மாளிகைக்கு வந்து குவிந்த தந்திகள் பெரும்பாலும் கேலிக்காகப் பரிந்தவை. குடியரசுத் தலைவர் நிக்சன் அவரைச் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்கு மாற்ற உத்தரவிட்டார். மொத்தத்தில் மூன்றரை ஆண்டுகளோடு அவருடைய காவல் முடிந்தது. இதைக் கேள்: அதே 1971 மே மாதத்தில் போர் தவறு என்றவர்கள் 61 சதவீதம். போர் வேண்டாம் என்ற மக்களும் கேலிக்காகத் தந்தி அடித்த மக்களும் வேறு வேறு மக்கள் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். எண்ணிக்கை அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மனத்தில் இருந்திருக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டு கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல் படை நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றபோதும், கணிப்பில் 58 சதவீதத்தினர் மாணவர்களையே குறை கூறினர். சொந்தப் பிள்ளைகளுக்கே அந்தக் கதி.

நீ உடனே, "படங்களால் பயனே இல்லை என்கிறாயா?" என்று மேசையைத் தட்டுவாய், வேதாசலம் சாரிடம் வாதாடியபோது தட்டிய அதே தட்டு. அப்படிச் சொல்ல மாட்டேன். ரைடன்அவரின் கடிதங்களும் ஹெர்ஷின் எழுத்தும் அந்தப் படங்களும் இல்லையென்றால் மை லாய் இன்றும் 128 எதிரிகளாகவே இருந்திருக்கும். பொய்யை உடைத்ததில் படங்களுக்கும் பங்கு உண்டு. பார்த்தவர்களின் மனத்தில் அந்தக் குழந்தைகளைத் தம் குழந்தைகளாக ஆக்க மட்டும் அவற்றால் முடியவில்லை. இதைத்தான் நான் மாணவர்களிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன். எத்தனை வகுப்புகள், எத்தனை பிள்ளைகள்! அந்தப் பாரம் எனக்குக் குறையவில்லை.

வாஷிங்டனில், வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கர்களுக்கான நினைவுச் சுவரில் 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. மை லாயை உள்ளடக்கிய சொன் மி கிராமத்தில் உள்ள நினைவகத்தில் அன்று கொல்லப்பட்டவர்களின் 504 பெயர்கள் இருக்கின்றன. யாழினி தன் உரையில் அந்த 504 பேரில் சிலரின் பெயரையும் வயதையும் வாசிக்கப் போகிறாள். உச்சரிப்பைச் சரியாகக் கற்றுக்கொள்ள ஒரு வாரமாகப் பழகி வருகிறாள்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். உன் பாட்டனார் சைகோனில் லேவாதேவி செய்த காலத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் எடுத்த படமொன்று தேவகோட்டை வீட்டில் இருந்ததே, அதில் பக்கத்தில் நின்ற வியட்நாமியக் கணக்கப்பிள்ளையின் பெயர் படத்தின் பின்புறத்தில் எழுதியிருந்ததாக நினைவு. வீட்டைப் பூட்டுமுன் அந்தப் படத்தை எடுத்து வைத்தாயா? இருந்தால் அந்தப் பெயரை மட்டுமாவது எனக்கு எழுது. அவருடைய பிள்ளைகள் அந்தப் போர்க்காலத்தில் எங்கே இருந்தார்கள் என்று உன் அப்பச்சி எப்போதாவது சொன்னதுண்டா?

தைப்பூசத்துக்கு முன்பு பதில் எதிர்பார்க்கிறேன்.

உன்,
இராசேந்திரன்