விளையாட்டுக்காரர் செய்த கல்விப் பணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணினி விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்பவர்கள், பிரிட்டனின் இயன் லிவிங்ஸ்டோனைப் பற்றி அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். 1975-ல் நண்பர்கள் இருவருடன் லண்டனில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவர். அமெரிக்காவிலிருந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டை வரவழைத்தார்கள். முதலில் வாங்கியது ஆறே ஆறு பிரதிகள்! அதோடு ஐரோப்பிய விற்பனை உரிமையும் கைக்கு வந்தது. பின்னாளில் அவர் இருந்த ஐடாஸ் நிறுவனம்தான் 1996-ல் ‘டூம் ரெய்டர்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது.

இதைவிட என்னைக் கவர்ந்தது அவருடைய கல்விப் பணி. அன்றைய இங்கிலாந்துப் பள்ளிகள் மென்பொருளைப் பயன்படுத்தக் கற்றுத்தந்தன, உருவாக்கக் கற்றுத்தரவில்லை. இது வாசிக்கச் சொல்லிக்கொடுத்து எழுதச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதைப் போன்றது என்று அவர் வாதாடினார். எவ்வளவு சரியான வாதம்! திரைப்படக் காட்சி விளைவுத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஹோப்புடன் சேர்ந்து 2011-ல் அவர் அளித்த அறிக்கை, கணினி அறிவியலைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொன்னதோடு, ஓவியத்தையும் விட்டுவிடாதீர்கள் என்றது. கணினி நிரலும் ஓவியமும் கைகோத்தால்தானே ஒரு விளையாட்டு பிறக்கும்?

இந்த முயற்சிகளுக்குப் பலன் கிடைத்தது. 2014 செப்டம்பர் முதல் இங்கிலாந்துப் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே நிரலாக்கத்தின் அடிப்படைகளைக் கற்கிறார்கள். அவர் பெயரிலேயே போர்ன்மவுத்தில் 2021-ல் ஒரு பள்ளியும் திறக்கப்பட்டது. 2022-ல் ‘சர்’ பட்டம் அறிவிக்கப்பட்டது.

இத்தகையோரைப் பற்றி மாணவர் பக்கத்தில் தொடர்ந்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்